சொல்லாத வீட்டுக்கு யார் போவது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், வன்னியில் நடக்கிற தொழில்நுட்பச் செயலமர்வுகள் எல்லாவற்றிலும், அழைப்பு இல்லாமல் யாரும் வரும்படி கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று இரண்டே வரியில் எழுதிவிட்டுப் போயிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒத்துக்கொண்டு எழுதியவர்களை விட, 'அக்கா, அது அவ்வளவு லேசில்லை' என்று எழுதியவர்கள்தான் கூட. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆகவே இந்த முறை முழுப் பகுதியும் அந்தக் கடிதங்களுக்கே.

கேள்வி: அக்கா, அறிவியல் நகரில் படிக்கிற நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆர்டுயினோ என்கிற, நிரல் எழுதி இயக்கக்கூடிய சின்ன மின்னணுப் பலகைகளை வைத்து மின்னணுச் செயலமர்வு நடத்துகிறோம். முதல் தடவை 'எல்லாரும் வரலாம்' என்று முகநூலில் போட்டோம். எங்களிடம் இருந்தது 20 செட் சாமான், வந்தது 70 பேர். கதிரையும் காணாது, பிளக்கும் காணாது. இரண்டாம் தடவை தெரிந்தவர்கள் மூலம் 20 பேரை மட்டும் அழைத்தோம். வேலை வடிவாக நடந்தது. ஆனால் 'தங்கட ஆக்களுக்கு மட்டும் செய்யினம்' என்று ஊரில் கதை. எது சரி?
– மாணவர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: தம்பி, 70 பேர் வந்த நாளில் என்ன நடந்திருக்கும் என்று உங்கள் மண்டபத்தில் நிற்காமலே எனக்குத் தெரியும். ஒரு செட்டைச் சுற்றி மூன்று நாலு பேர். அதில் ஒரு பிள்ளை வயரைக் குத்தும், மற்றப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். குத்திய பிள்ளை ஏற்கெனவே வீட்டில் மடிக்கணினி உள்ள பிள்ளையாகத்தான் இருக்கும். எட்டிப் பார்த்த பிள்ளை 'இது எனக்குச் சரிவராது' என்ற முடிவோடு பஸ் ஏறியிருக்கும். கையால் செய்து பழகுகிற இடத்தில் கை வைக்க இடம் கிடைக்காவிட்டால், கதவு அகலத் திறந்திருந்ததால் அந்தப் பிள்ளைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஆகவே ஆட்களைக் குறைக்க நினைத்ததில் பிழை காண மாட்டேன்.

பிழை 'தெரிந்தவர்கள் மூலம்' என்ற அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. யாரைக் கூப்பிட்டீர்கள், எப்படித் தெரிவு செய்தீர்கள், ஏன் 20 பேர் என்று ஊருக்கு நீங்கள் சொல்லவில்லை. எனக்கு எழுதிய கடிதத்தில்கூட அதைத் தாண்டிப் போகிறீர்கள். காரணம் சொல்லாத இடத்தில் சனம் தானாக ஒரு காரணத்தை வைத்துக்கொள்ளும், அது எப்போதும் 'தங்கட ஆக்கள்' என்பதாகத்தான் இருக்கும்.

இரணைமடுவின் கீழ் கமம் செய்கிற வீட்டுப் பிள்ளை யாராவது உங்கள் ஐந்து பேரில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளத்து நீரைத்தான் நம்ப வேண்டும், அது எல்லா வயலுக்கும் காணாது. அதற்காக யாரும் வாய்க்காலை இரவோடு இரவாகத் தன் பக்கம் திருப்ப முடியாது, திருப்பினால் மண்வெட்டியோடு நிற்பார்கள். கூட்டம் வைத்து, குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று எல்லார் முன்னாலும் சொல்லி, இத்தனை ஏக்கருக்குத்தான் காணும் என்று கணக்குக் காட்டி, அதைப் பங்கு பிரிக்கிறார்கள். பங்கு குறைந்தவருக்கு மனவருத்தம் இருக்கும்தான். ஆனால் நீர் ஏன் போதாமல் போனது, பங்கு எப்படிப் போனது என்பது அவருக்குத் தெரியும், அடுத்த கூட்டத்துக்கும் அவர் வருவார்.

உங்கள் 20 செட்டும் சிறுபோகத் தண்ணீர்தான் தம்பி. அளவை முதலில் சொல்லுங்கள்.

இந்தச் சண்டை எங்கள் ஊரில் மட்டும் உள்ளதும் இல்லை. அமெரிக்காவில் ஓரெய்லி என்ற தொழில்நுட்பப் பதிப்பகம் 2003 இல் ஃபூ கேம்ப் என்ற சந்திப்பைத் தொடங்கியது. அழைப்பு வந்தவர்கள் மட்டும் போகலாம். போனவர்கள் அங்கேயே கூடி, எந்த நேரம் எந்த விஷயம் கதைப்பது என்று தாங்களே பலகையில் எழுதி நிரப்புவார்கள். நல்ல முறைதான், ஆனால் அழைப்பு வராதவர்களுக்குப் பெரிய ஆதங்கம். 2005 ஓகஸ்டில் சிலர் சேர்ந்து, ஒரு கிழமைக்குள் எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணி, பாலோ ஆல்ட்டோவில் பார்கேம்ப் என்று ஒன்றை நடத்தினார்கள். அதே முறை, ஆனால் யாரும் வரலாம். 200 பேரளவில் வந்தார்கள். அது பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அதில் எனக்குப் பிடித்தது ஒரு விஷயம்: அங்கே பார்வையாளர் என்று ஒருவர் கிடையாது, வருகிறவர் எல்லாரும் ஏதாவது செய்ய வேண்டும், ஒரு விஷயம் சொல்லிக் கொடுக்கலாம், குறிப்பு எழுதலாம், ஆகக் குறைந்தது கதிரை அடுக்கலாம். கதவு திறந்திருந்தது, உள்ளே வந்தவருக்கு ஒரு பொறுப்பும் இருந்தது. ஃபூ கேம்பும் அதோடு நின்றுவிடவில்லை, அது தன் பாட்டில் தொடர்ந்து நடந்தது. இரண்டுக்கும் தேவை இருந்தது.

சரி, மூன்றாம் தடவை என்ன செய்யலாம்? முதலில் ஒரு பின்னேரம், பொதுநோக்கு மண்டபத்தில், செட் எதுவும் கொடுக்காமல், இரண்டு மணித்தியாலம் செய்து காட்டுங்கள். அதற்கு அந்த 70 பேரும் வரட்டும், 170 பேரும் வரட்டும், நின்றுகொண்டு பார்க்கலாம். முடிவில் 'எங்களிடம் 20 செட் இருக்கிறது, கையால் செய்து பழக விருப்பமானவர்கள் பெயர் தாருங்கள்' என்று சொல்லி, அந்த இடத்திலேயே சீட்டுக் குலுக்கி 12 பேரை எடுங்கள். குலுக்கலை ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டு எல்லார் கண் முன்னாலும் செய்ய வேண்டும். ஐந்து இடத்தை அக்கராயன், பூநகரி போல அந்தப் பின்னேரத்துக்கு வந்திருக்கவே முடியாத பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, பள்ளிக்கூடத்துக்கு நேரில் போய்ச் சொல்லி அழையுங்கள். அது அழைப்புத்தான், ஒளிக்க வேண்டாம், 'இந்த ஐந்து இடம் இன்ன காரணத்துக்காக' என்று நோட்டிசிலேயே எழுதுங்கள். மிச்சம் மூன்று இடத்தை வெறுமையாக விடுங்கள். அன்றைக்குக் காலமை யாரோ ஒரு பிள்ளை கேள்விப்பட்டு வாசலில் வந்து நிற்கும், எனக்குத் தெரிந்து ஒவ்வொரு தடவையும் நிற்கும், அதைத் திருப்பி அனுப்பக் கூடாது.

12, ஐந்து, மூன்று என்ற கணக்கை மாற்றிக்கொள்ளலாம். கணக்கு ஒன்று இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். இன்னொன்று, ஒரு தடவை இடம் கிடைத்தவர் அடுத்த தடவை திரும்ப மாணவராக இருக்க வேண்டாம், பக்கத்தில் நின்று உதவி செய்கிறவராக வரட்டும். செயலமர்வு முடிந்ததும் சுற்றுப் படத்தையும் எழுதிய நிரலையும் எங்கே பிழைத்தது என்ற குறிப்பையும் தமிழில் எழுதி, பிரிண்ட் எடுத்து, சனசமூக நிலையத்திலும் ஒரு பிரதி வையுங்கள். இடம் கிடைக்காத பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கக்கூடியது அதுதான், அதையும் கொடுக்காமல் விட்டால் கதவு உண்மையில் மூடித்தான் இருந்தது.

கேள்வி: 'அனைவரும் வருக' என்ற நோட்டிசைப் பார்த்து, இணையத்தில் படம் வடிவமைக்கிற செயலமர்வு ஒன்றுக்கு மல்லாவியில் இருந்து மாங்குளம் போய் பஸ் மாறிப் போனேன். நான் ஓ/எல் வரை படித்தவள், தையல் செய்கிறேன், என் சட்டைகளைப் படம் எடுத்து விற்கப் பழகலாம் என்றுதான் போனேன். அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கதைத்தது பாதி விளங்கவில்லை. ஒருவரும் என்னோடு கதைக்கவும் இல்லை. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று மூன்று மணிக்கு எழும்பி வந்துவிட்டேன். நான் போயிருக்கவே கூடாதா அக்கா?
– வாசகி, மல்லாவி

பதில்: போனது நல்லது தங்கச்சி. உங்கள் கடிதத்தை நான் நாலு தரம் வாசித்தேன்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு யாரும் யாருக்கும் சொல்வதில்லை. வைகாசி வந்தால் வன்னி முழுக்கத் தன்பாட்டில் போகும். கலியாணத்துக்கு அப்படி இல்லை. பக்கத்து வீடாக இருந்தாலும், பாட்டுச் சத்தம் எங்கள் கிணற்றடி வரை கேட்டாலும், வந்து சொல்லாமல் போக மாட்டோம். காட் ஒன்றை யாரிடமோ கொடுத்து அனுப்பினால்கூட 'நேரில வந்து சொல்லேல்லை' என்ற மனக்குறை பத்து வருஷம் இருக்கும். சொல்லாத வீட்டுக்குப் போவது மரியாதை இல்லை என்று சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்ந்த சனம் நாங்கள்.

செயலமர்வு நடத்துகிறவர்கள் தாங்கள் பொங்கல் வைக்கிறோம் என்று நினைக்கிறார்கள். மல்லாவியில் இருந்து பார்க்கிற உங்களுக்கு அது கலியாண வீடாகத் தெரிகிறது. 'அனைவரும் வருக' என்ற நோட்டிசு உங்களுக்கு எழுதப்பட்டதா என்று உங்களுக்கே நிச்சயமில்லை, அதை மீறித் துணிந்து போனீர்கள், போன இடத்தில் 'வாங்கோ' என்று சொல்லக்கூட ஆள் இல்லை. நான் இப்போது விளங்கிக்கொண்டது இதுதான், போன இதழில் இதை எழுதாமல் விட்டதற்காக வருத்தப்படுகிறேன்: எங்கள் பக்கத்தில் யாரையும் தடுக்காமல் இருப்பது மட்டும் காணாது. திறந்த கதவுக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட ஆள் வேண்டும். எழுதிப் போட்டுவிட்டு இருந்தால், ஏ9 வீதிக்குப் பக்கத்தில் இருக்கிற, போனில் டேட்டா உள்ள, ஏற்கெனவே நாலு செயலமர்வுக்குப் போய்ப் பழகிய ஆட்கள்தான் வருவார்கள். பெயர் பொது அழைப்பு, வருவது அதே முப்பது முகம்.

உலகத்து இணையப் பொறியியலாளர்கள் கூடுகிற பெரிய கூட்டங்களில்கூடப் புதிதாக வருகிறவர்களுக்கென்று முதலில் ஒரு அறிமுக நேரம் வைக்கிறார்கள், இங்கே எப்படிக் கதைப்பது, எந்தச் சுருக்கப் பெயர் எதைக் குறிக்கிறது என்று சொல்லித் தருகிறார்கள். படித்த பொறியியலாளருக்கே அது தேவைப்படுகிறது என்றால், மாங்குளத்தில் பஸ் மாறி வருகிற ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தேவைப்படும்?

நடத்துகிறவர்கள் இதை வாசிக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். மாதர் அபிவிருத்திச் சங்கத் தலைவியிடம் போய் நேரில் சொல்லுங்கள், இன்னாரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு ஆளைத் தனியாக அழைக்காதீர்கள், இரண்டு பேராக அழையுங்கள், துணை இருந்தால்தான் வருவார்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு நேரத்தை வையுங்கள். மூன்று மணிக்குப் பஸ் என்றால் இரண்டு மணிக்கு முடியுங்கள், முக்கியமான விஷயத்தைத் தேத்தண்ணிக்குப் பிறகு வைக்காதீர்கள்.

உங்களுக்கு, தங்கச்சி: அடுத்த தடவை போகமுதல் நடத்துகிறவருக்கு ஒரு போன் எடுத்து, 'நான் தையல் செய்கிறவள், சட்டையைப் படம் எடுத்து விற்கப் பழக வேண்டும், இது எனக்குப் பொருந்துமா' என்று கேளுங்கள். பொருந்தாது என்றால் அவர்களே சொல்லட்டும். பொருந்தும் என்று சொன்னால் அது உங்களுக்கு நேரில் சொன்ன அழைப்பு மாதிரித்தான்.

கேள்வி: இலவசம் என்றால் பெயர் தந்துவிட்டு வராமல் விடுகிறார்கள். 1000 ரூபா முற்பணம் வாங்கினால் என்ன?
– வவுனியா

பதில்: வாங்காதீர்கள். 1000 ரூபா ஒருவருக்கு ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு, இன்னொருவருக்கு ஒரு நாள் கூலியில் பெரிய பங்கு. காசு உள்ளவர் கட்டிவிட்டு அப்போதும் வராமல் விடுவார், இல்லாதவர் பெயரே தர மாட்டார். முதல் நாள் பின்னேரம் ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து 'நாளைக்கு வருகிறீர்களா' என்று கேளுங்கள், 20 பேருக்கு எடுக்க அரை மணித்தியாலம் போதும். வராதவர் இடத்துக்குக் காத்திருப்போர் வரிசையில் இருந்து கூப்பிடலாம். மழைக்காலத்தில் இரண்டு மூன்று பேரைக் கூடுதலாகவே அழைத்து வையுங்கள்.

கேள்வி: செயலமர்வுக்கு வருகிறவர்களிடம் பெயர், முகவரி, போன் நம்பர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதி வாங்குகிறோம், படமும் எடுக்கிறோம். காசு தருகிற இடம் கேட்கிறது. சிலர் கொப்பியைக் கண்டதும் திரும்பிப் போய்விடுகிறார்கள். அழைப்புள்ளவர்களோடு மட்டும் நடத்தினால் இந்தப் பயம் குறையுமா?
– புதுக்குடியிருப்பு

பதில்: ஏன் திரும்பிப் போகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2009 க்குப் பிறகு எங்கள் சனம் எத்தனை கொப்பியில் எத்தனை தரம் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தப் பயத்தை அறியாமை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அழைப்புள்ளவர்கள் மட்டும் என்றால் பயம் குறையும் என்று நினைக்காதீர்கள், பட்டியல் இன்னும் துல்லியமாகத்தான் இருக்கும். குறைக்க வேண்டியது கொப்பியில் உள்ள பெட்டிகளை. தேத்தண்ணிக் கணக்குக்கு எண்ணிக்கை போதும். அடுத்த நிகழ்வுக்குச் சொல்ல ஒரு போன் நம்பர் போதும், அதையும் விரும்பினால் தரட்டும். அடையாள அட்டை இலக்கம் எதற்கு? காசு தருகிற இடத்திடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், ஆண் இத்தனை, பெண் இத்தனை என்ற எண்ணிக்கையே போதும் என்று பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள், நாங்கள் கேட்காததால்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. எதற்குச் சேகரிக்கிறோம் என்று சொல்லிச் சேகரிக்க வேண்டும், தேவையானதை மட்டும் சேகரிக்க வேண்டும், தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. உங்கள் நோட்டிசில் அந்த மூன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள், கொப்பியைக் கண்டு திரும்புகிறவர்களில் சிலராவது நிற்பார்கள்.

படம் எடுப்பதற்கு நான் செய்கிற வழி: படம் வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டி, அவர்களை ஒரு பக்கமாக இருத்துவது. எடுக்கிறவருக்கும் லேசு.

சில விஷயங்களுக்கு மூடிய அறை உண்மையிலேயே வேண்டும். விசுவமடுப் பக்கத்தில் போன் திருத்துகிற செயலமர்வு ஒன்றைப் பெண்களுக்கு மட்டும் என்று நடத்தினோம். தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிற பெண்கள் சிலர், கடையில் போனைக் கொடுத்தால் உள்ளே இருக்கிற படங்களை யார் பார்க்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது, எங்களுக்கே கழற்றப் பூட்டத் தெரிந்தால் நல்லது என்று கேட்டதால் வைத்தது. நல்ல காரணம். ஆனால் அந்தக் காரணத்தை நாங்கள் வெளியில் சொல்லவில்லை, தெரியாதவர்களைக் கூப்பிடவும் இல்லை. வாசலில் பெடியள் வந்து நின்று ஏன் எங்களை விடவில்லை என்று கேட்டார்கள், அதைவிட, பக்கத்து ஒழுங்கையில் இருந்த இரண்டு பெண்கள் பிறகு என்னிடம் 'எங்களுக்கு ஏன் சொல்லேல்லை' என்று கேட்டது இப்போதும் மனதில் இருக்கிறது. 'பெண்களுக்கு மட்டும், காரணம் இது, விருப்பமானவர்கள் இன்னாரிடம் பெயர் தாருங்கள்' என்று மூன்று வரி எழுதியிருந்தால் போதும்.

உள்ளே கதைத்ததைப் பற்றி லண்டனில் சாத்தம் ஹவுஸ் (Chatham House) என்ற நிறுவனத்தில் 1927 இல் உருவான ஒரு வழக்கம் இருக்கிறது: கேட்ட விஷயத்தை வெளியில் பயன்படுத்தலாம், யார் சொன்னது என்று மட்டும் சொல்லக் கூடாது. உங்கள் மண்டபத்தில் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். விஷயம் வெளியே வரும், ஆள் பாதுகாப்பாக இருப்பார்.

கேள்வி: நான் இரணைமடுவின் கீழ் முப்பது வருஷமாகக் கமம் செய்கிறேன். வாய்க்காலில் நீரை அளக்கச் சென்சர் பூட்டுவது பற்றி ஒரு திட்டக்காரர் நகரத்தில் ஹோட்டலில் இரண்டு நாள் செயலமர்வு வைத்தார்களாம். அழைப்புள்ளவர்கள் மட்டும். எங்கள் கமக்காரர் அமைப்பில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்டதற்கு 'அது தொழில்நுட்பக் கூட்டம் ஐயா' என்கிறார்கள். எங்கட வாய்க்காலைப் பற்றி எங்களுக்குச் சொல்லாமல் கதைக்கலாமா?
– கமக்காரர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: ஐயா, சின்னக் கூட்டம் வைத்துக் கதைப்பதைக் குறை சொல்ல மாட்டேன். சில சிக்கல்களை 300 பேர் உள்ள மண்டபத்தில் அவிழ்க்க முடியாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். இணையம் எப்படி ஓட வேண்டும் என்ற விதிகளை எழுதுவது ஐ.இ.டி.எஃப் என்ற பொறியியலாளர் அமைப்பு. 1986 ஜனவரியில் அவர்களின் முதல் கூட்டத்துக்கு வந்தது 21 பேர், எல்லாரும் அமெரிக்க அரசின் காசில் ஆராய்ச்சி செய்தவர்கள். அந்த வருஷத்துக்குள்ளேயே வெளியாருக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். இன்றைக்கு அங்கத்துவம் என்று ஒன்றே இல்லை, யாரும் மின்னஞ்சல் குழுவில் சேர்ந்து கருத்துச் சொல்லலாம். அப்படித் திறந்த அமைப்போடு சேர்ந்த மேற்பார்வைச் சபையே இடையிடையே அழைப்புள்ளவர்களுக்கு மட்டும் செயலமர்வு வைக்கிறது. 2006 ஒக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் அப்படி ஒன்று நடந்தது. இணையத்தில் தகவல் எந்த வழியால் போக வேண்டும் என்று காட்டுகிற அட்டவணைகள் ஊதிக்கொண்டே போகின்றன, கருவிகள் தாங்குமா என்பது பிரச்சினை. இரண்டு நாள் இருந்து கதைத்தார்கள். அடுத்த வருஷம் செப்டெம்பரில் அங்கே கதைத்ததை ஆர்.எஃப்.சி 4984 என்ற அறிக்கையாக, உலகத்தில் யாரும் காசில்லாமல் வாசிக்கும்படி வெளியிட்டார்கள். அதில் இருந்து கிளம்பிய யோசனைகளில் ஒன்று லிஸ்ப் என்ற முறை, அதைப் பொதுவில் வைத்து வருஷக்கணக்காக எல்லாரும் அடித்துத் திருத்தி, 2013 இல்தான் எழுத்தில் வந்தது.

கவனியுங்கள் ஐயா, மூடிய அறையில் அவர்கள் செய்தது சிக்கலை விளங்கிக்கொள்வது. முடிவு அங்கே எடுக்கப்படவில்லை. அந்த அமைப்பில் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒத்துக்கொண்ட விஷயத்தைக்கூட மின்னஞ்சல் குழுவில் போட்டு, வராதவர்கள் மறுப்புச் சொல்ல இடம் கொடுத்த பிறகுதான் முடிவு என்பார்கள். அதோடு ஆம்ஸ்டர்டாம் அறைக்குள் அந்தக் கருவிகளை நாளாந்தம் ஓட்டுகிறவர்களும் இருந்தார்கள்.

உங்கள் விஷயத்தில் அந்த இடம்தான் வெறுமையாக இருக்கிறது. வாய்க்காலில் பூட்டுகிற சென்சர் பெரும்பாலும் நீரின் உயரத்தைத்தான் அளக்கும், உயரத்தில் இருந்து எவ்வளவு நீர் ஓடுகிறது என்று கணக்குப் போடும். வாய்க்காலின் கீழ்ப்பக்கத்தில் சல்பீனியா என்ற நீர்க்களை அடைத்து நின்றால் நீர் மட்டம் ஏறும், ஓட்டம் குறையும். சென்சரோ நிறைய நீர் போகிறது என்று சொல்லும். கடைமடையில் இருக்கிறவனுக்கு ஒரு சொட்டும் வராது, திரையில் அவனுக்கு முழுப் பங்கும் போனதாகக் காட்டும். எந்த வளைவில் எந்த மாதம் அடைக்கும் என்று தெரிந்தவர் நீங்கள். உங்களைக் கூப்பிடாததை மரியாதைக் குறைவு என்று மட்டும் நான் பார்க்கவில்லை, அளவே பிழைக்கும்.

என்ன செய்யலாம்? கமக்காரர் அமைப்பின் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். செயலமர்வில் கதைத்ததைத் தமிழில் எழுத்தில் தரச் சொல்லுங்கள். எந்த இடங்களில் பூட்டப் போகிறார்கள் என்ற வரைபடத்தைக் கேளுங்கள். போகம் தொடங்கமுதல் மாவட்டச் செயலர் தலைமையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும்தானே, அது எல்லாக் கமக்காரருக்கும் உரியது, பூட்டமுதல் அந்தக் கூட்டத்தில் வைத்து விளக்க வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த தொழில்நுட்பக் கூட்டத்துக்கு உங்கள் பக்கம் இரண்டு பேர், ஒருவர் தலைமடையில் இருந்து, ஒருவர் கடைமடையில் இருந்து. தலைமடைக்காரர் மட்டும் போனால் காணாது, ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: திறந்த கூட்டம் என்று வைத்தால் ஒருவரே முழு நேரமும் கதைக்கிறார், பெண் பிள்ளைகளை நக்கலடிக்கிறார். வெளியே போகச் சொன்னால் 'பொதுக் கூட்டம்தானே' என்கிறார்.
– வவுனியா

பதில்: போகச் சொல்லுங்கள். மேலே சொன்ன ஐ.இ.டி.எஃப் அத்தனை திறந்த அமைப்பு, அதிலேயே ஓயாமல் குழப்புகிறவரின் கருத்தெழுதும் உரிமையை நிறுத்துவதற்கு 2004 இல் முறையாக விதி எழுதி வைத்தார்கள். ஒருவருக்காகப் பத்துப் பேர் வராமல் விட்டால் அந்தப் பத்துப் பேருக்கும் கதவு மூடியிருக்கிறது. தொடங்கும்போதே விதியைச் சொல்லுங்கள், ஒருமுறை எச்சரியுங்கள், இரண்டாம் தரம் எழுப்பி அனுப்புங்கள். அனுப்புகிறவர் மண்டபத்தில் வயதில் மூத்த ஒருவராக இருந்தால் சத்தம் வராது.

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கத்தில் ரேடியோ, டைனமோ, போன் எல்லாம் திருத்துகிறேன். இயக்கம் இருந்த காலத்தில் கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டோமே, அந்தக் காலத்தில் பழகிய தொழில். சேட்டிபிக்கற் ஒன்றும் இல்லை. இந்த மாதிரிச் செயலமர்வுகளுக்கு என்னை ஒருவரும் அழைப்பதில்லை. கேட்டுப் போகலாமா, பிள்ளை?
– ஒரு வாசகர்

பதில்: போகலாம் ஐயா, கட்டாயம் போக வேண்டும். படிக்கிறவராக மட்டும் போக வேண்டாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடைக்காமல், மண்ணெண்ணெய் கிடைக்காமல் வன்னி தன் கையால் எத்தனை விஷயத்தை ஓட்டியது என்பதைச் சொல்லித் தர இப்போது ஆட்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். ஒரு கருவி வேலை செய்யாவிட்டால் முதலில் எந்த இடத்தைப் பார்ப்பது என்று உங்கள் கைக்குத் தெரிகிறது, அது புதிய பலகைக்கும் பொருந்தும்.

கிளிநொச்சித் தம்பி, இதை வாசித்தால் இதழ் அலுவலகத்துக்கு ஒரு போன் எடுங்கள். ஐயாவிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் அவருடைய இடத்தை உங்களுக்குச் சொல்வார்கள். வட்ஸ்அப்பில் நோட்டிசு அனுப்ப வேண்டாம். உங்களில் இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் போய், கடையில் இருந்து, ஒரு தேத்தண்ணி குடித்து, நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.